குறுக்குக் காற்று

நீஷ் நகரத்து ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் ஸ்தமென்கா ஓய்வு பெற்று வெகு காலமாகிவிட்டது. அந்த வார்டின் கதகதப்பும் மெஷின்களின் பெருமூச்சும் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. நினைத்தால் ஏக்கமாக இருக்கும். அதிலும் ஸ்த்ராஹின்யா என்ற குழந்தை கிடந்த கண்ணாடிப் பெட்டி.

உள்ளங்கையில் அடங்குகிற பிள்ளை. மெஷின்தான் அவனுக்காக மூச்சுவிட்டது. வாரங்கள் போயும் அதை விட்டு வர முடியவில்லை. நுரையீரலில் அழற்சி என்று டாக்டர் சொன்ன அன்றிலிருந்து அவன் தாய் விதோசாவா பெட்டிப் பக்கமே வரவில்லை. தாய்ப்பாலை வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். ஸ்தமென்கா ஒருநாள் மாடிப்படியில் அவளை மடக்கினாள்.

"ஏன்டி பொண்ணே, பெத்த பிள்ளையப் பாக்காம ஓடுறே?"

"நான் தொட்டா அவனுக்கு ஆகாது சிஸ்டர். மாசமா இருக்கும்போது புழுக்கம் தாங்காம ரெண்டு ஜன்னலையும் தொறந்துபோட்டுத் தூங்கினேன். குறுக்குக் காத்து அடிச்சுது. அழற்சி வரும்னு மாமியார் அப்பவே சொன்னாங்க. வந்துடுச்சே!"

ஸ்தமென்காவுக்குச் சுருக்கென்றது. பல்வலியோ இடுப்புப் பிடிப்போ, அந்த ஊரில் எல்லாப் பழியும் குறுக்குக் காற்றின் தலையில்தான் விழும். ஜூலை வெக்கையிலும் பஸ் ஜன்னலைத் திறப்பவர்களோடு மல்லுக்கு நிற்பவள்தான் ஸ்தமென்காவும்.

"காத்துதான்டி காரணம். ஆனா உன் ஜன்னல் காத்து இல்ல, நாங்க ஊதுற காத்து. பிஞ்சு நுரையீரல். மெஷின் அழுத்தத்தையும் அவ்வளவு ஆக்சிஜனையும் தாங்காம உள்ளே புண்ணாகி வீங்கிக் கிடக்கு. ஊதலேன்னா பிள்ளை இருக்க மாட்டான், ஊதினா வீங்குது. கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுத்தான் வெளியே எடுக்கணும். அதுக்கு நீ அவன் பக்கத்துல இருக்கணும்."

"அப்போ குறுக்குக் காத்துல ஒண்ணும் ஆகாதா? நீங்க நம்பறதில்லையா?"

"சேச்சே! எங்க வீட்டுல எல்லா ஜன்னலும் தொறந்துதான் கிடக்கும்."

கண் இமைக்காமல் சொன்ன பொய் அது. விதோசாவா அன்றே பெட்டிக்குள் கையை விட்டாள். பிள்ளை அவள் விரலைப் பற்றிக்கொண்டான். ஸ்தமென்கா திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள்.

அவன் மெல்ல மெல்ல மெஷினை விட்டு வந்தான். ஆக்சிஜன் சிலிண்டரோடு வீட்டுக்குப் போனான். குளிர்காலம் வந்தால் இருமிக்கொண்டே இருந்தான். ஆனாலும் வளர்ந்தான்.

இப்போது அவனுக்கு மீசை அரும்பிவிட்டது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஸ்தமென்காவுக்கு அழைப்பு வரும். காபியும், விருந்தாளிக்கு வழக்கமாகத் தருகிற ஒரு கரண்டி பழப்பாகும் வைத்த கையோடு விதோசாவா இரண்டு ஜன்னல்களையும் விரியத் திறந்துவிடுவாள்.

"உங்க வீட்டுல மாதிரியே இருக்கணும் சிஸ்டர்!"

இந்த வருடமும் ஸ்தமென்கா இரண்டு ஜன்னல்களுக்கும் நட்டநடுவில், கழுத்து விறைக்க உட்கார்ந்திருந்தாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மாடிகளை ஓடியே ஏறி வந்த ஸ்த்ராஹின்யா, இரைக்க இரைக்கச் சிரித்தபடி உள்ளே நுழைந்தான்.

"கழுத்தை ஏன் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க? ஜன்னலைச் சாத்தவா?"

அந்த இரைப்பு அடங்கி, மூச்சு சீராகும்வரை அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

"வேண்டாம்டா ராஜா. தொறந்தே கிடக்கட்டும்."