பிரேக் அக்காவின் ஓரப்பார்வை

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறி அலறுவதற்குள் அவள் கால் அதை மிதித்திருக்கும். பிறகு எதுவுமே நடக்காத மாதிரி, மறுபடியும் முதல் கியரிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வாள். ஐம்பதைத் தாண்டியும் தலைவலி, காய்ச்சல் என்று படுத்ததில்லை. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததெல்லாம் மகளைப் பெற்றெடுக்கவும், அடுத்தவர்களைப் பார்த்துவிட்டு வரவும்தான்.

அவள் கணவர் நேர் எதிர். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர். நாள் முழுக்க எழுத்துப் பிழை தேடிப் பழகியவர், வருடத்துக்கு ஒருமுறை தன் உடம்பிலும் பிழை தேடுவார். பிறந்தநாள் வந்துபோனதும் வெறும் வயிற்றோடு கிளம்பி, முழுப் பரிசோதனை செய்துகொண்டு வருவார். இதுவரை ஒரு பிழையும் அகப்பட்டதில்லை.

"ஒன்னுமில்லன்னு சொல்றதுக்கு ஒரு டாக்டர், அதைக் கேக்கறதுக்குப் பட்டினியா ஒரு ஆளு" என்று அவள் கிண்டல் செய்வாள். மகளும் சேர்ந்து சிரிப்பாள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சென்ற வருடம் ரத்தம் எடுக்கும்போது தலை சுற்றியதால், இந்த முறை துணைக்கு வரச் சொன்னார். அவளே காரை ஓட்டிக்கொண்டு போனாள். அவரை ஒவ்வொரு அறையாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கூடத்து நாற்காலியில் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? கண் பிரிவில் கூட்டமே இல்லை, சும்மா இருக்கிற நேரத்துக்கு நீயும் போய்க் காட்டிவிட்டு வா என்று அவர் சொன்னார். பொழுது போகட்டும் என்றுதான் உள்ளே போனாள்.

சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை கடகடவென்று படித்துவிட்டாள். இதைவிடப் பொடியாக ஏதாவது இருந்தால் காட்டுங்கள் என்று பரிசோதித்த பெண்ணிடம் பெருமையடித்தாள். அந்தப் பெண் சிரித்தபடியே ஒரு கருவியில் முகத்தை வைக்கச் சொன்னாள். கண்ணில் புஸ்ஸென்று காற்று பட்டது. இன்னொரு முறை வைக்கச் சொன்னாள். அதன் பிறகு அந்தப் பெண் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, நெடுநேரம் பார்த்தார்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் அதிகமா இருக்கும்மா. இடது கண்ணு நரம்பு கொஞ்சம் தேஞ்சிருக்கு."

"எனக்கு எல்லாம் நல்லாத்தானே தெரியுது?"

"நேரா பார்க்கறது கடைசி வரைக்கும் நல்லாத்தான் தெரியும். இது ஓரத்துல இருந்து திருடும். வலியும் இருக்காது. அதனாலதான் வந்து காட்டினாத்தான் கண்டுபிடிக்க முடியும்."

போனது திரும்பாது, ஆனால் தினமும் சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். ஓரப்பார்வை எவ்வளவு போயிருக்கிறது என்று அடுத்த வாரம் அளந்து பார்த்த பிறகுதான் மற்றதைச் சொல்ல முடியும், அதுவரை வண்டியைத் தொட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

அன்று காரை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வாடகை வண்டியில் திரும்பினார்கள். பின் இருக்கையில் அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கண்ணைவிட வேலைதான் மனதை அரித்தது. பக்கத்துத் தெருவிலிருந்து பாயும் சைக்கிளை ஓரக்கண்ணால் பார்த்துப் பிரேக் போடுவதுதானே அவள் பிழைப்பு? கணவரின் பரிசோதனையில் வழக்கம்போல எல்லாம் சரியாக இருந்தது. அதைச் சொல்லவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அடுத்த வாரம் வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் பார்க்கச் சொல்லி, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முடிவைப் பார்த்த டாக்டரம்மா, போயிருப்பது ஒரு சின்ன மூலைதான், அதையும் வலது கண் ஈடுகட்டுகிறது என்றார்.

"அப்போ நான் ஓட்டலாமா?"

"தாராளமா ஓட்டுங்க. மருந்தை மட்டும் விட்டுடாதீங்க. நாலஞ்சு வருஷம் கழிச்சு வந்திருந்தா என்னால இப்படிச் சொல்லியிருக்க முடியாது."

இன்னும் இரண்டு முறை அதையே கேட்டுச் சொல்லவைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

கூடப்பிறந்தவர்களுக்கும் இது இருக்கலாம், பார்த்துவிடுவது நல்லது என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவளுக்கு ஒரே அண்ணன். கட்டடங்களுக்கு வர்ணம் பூசும் காண்ட்ராக்டர். போனில் சொன்னபோது, தனக்குப் பருந்துக் கண் என்று சிரித்து வைத்துவிட்டார். கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். கடைசியில், பயிற்சிக் காரில் என்னவோ சத்தம் வருகிறது, ஓட்டிப் பார்த்துச் சொல் என்று கூப்பிட்டாள். கார் என்றால் அண்ணனுக்கு உயிர். இவள் வழி சொல்லச் சொல்ல ஓட்டிக்கொண்டே வந்தார். அதே ஆஸ்பத்திரி வாசலில் இவள் பக்கத்துப் பிரேக் மெதுவாக இறங்கியது.

"சத்தம் எங்கடி வருது?"

"உன் வாயிலதான். இறங்கு."

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். அவர் கண்ணிலும் அழுத்தம் அதிகம். ஆனால் நரம்பில் ஒரு கீறல்கூட இல்லை, மருந்து போதும் என்றார்கள். வெளியே வந்தவர், இந்தக் கண்ணோடு ஏணியில் நின்று எத்தனை மாடி பூசியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து தன்னிடம் வேலை செய்கிற நாற்பது வயதைத் தாண்டிய ஆட்களை எல்லாம், அந்த நோயைத் தானே கண்டுபிடித்தவர் போலப் பரிசோதனைக்கு விரட்டிக்கொண்டிருக்கிறார்.

இங்கே தினமும் படுக்கப்போகுமுன் கணவர்தான் அவளுக்குச் சொட்டு மருந்து விடுகிறார். அவள் சிமிட்டிவிடுவாள், கன்னத்தில் வழியும், அவர் பொறுமையாக இன்னொரு சொட்டு விடுவார்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் அந்தக் கிண்ணத்துக்குள் பார்த்தாள். டாக்டரம்மா பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"போன தடவை இருந்த மாதிரியே இருக்கும்மா. கொஞ்சம்கூட நகரல."

நோய் என்று கேட்டபோது அழாதவள், வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். கணவர் பதறிப்போய்க் கைக்குட்டையைத் தேடினார். கேட்டது நல்ல செய்திதானே என்று அவருக்கே சந்தேகம் வந்து, உள்ளே போய் ஒருமுறை விசாரித்துவிட்டும் வந்தார். அவர் திரும்பி வருவதற்குள் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். பசிக்கிறது, எங்கேயாவது போய் நன்றாகச் சாப்பிடலாம் என்றாள்.