ஒரு காதுக் கச்சேரி

அச்சுவேலியில் ஒரு நுளம்பு கொட்டாவி விட்டால் புத்தூரில் இளையதம்பி திரும்பிப் பார்ப்பார் என்று ஊரில் சொல்வார்கள். நம்பாதவர்கள் அவருடைய ஒழுங்கைத் தெருவில் குடியிருந்தவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். சண்டைக் காலத்தில், பலாலி இராணுவ முகாமில் ஷெல்லைக் கையில் தூக்கும்போதே அவருக்குக் கேட்டுவிடும். அவர் சோற்றுக் கோப்பையோடு எழும்பினால் ஒழுங்கையே எழும்பும். அவர் பங்கர் குழிக்குள் குதித்தால் அயல் முழுக்கக் குதிக்கும். ஒருமுறை கலியாண வீட்டுப் பந்தியில் அவருடைய முதுகில் கட்டெறும்பு கடித்துவிட்டது. மனிதர் துள்ளிய துள்ளலில் மாப்பிள்ளை, பொம்பிளை, ஐயர் உட்பட முழுச்சனமும் வாழையிலையோடு பங்கருக்குள் இறங்கி, அங்கேயே பாயசமும் குடித்துவிட்டுத்தான் மேலே வந்தது.

அந்தக் காது ஒரேயொரு தரம் பிசகியது. கரண்ட் இல்லாத வருடங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மச்சான்காரன் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பிடித்த பாட்டு என்று இளையதம்பி ஒரு காதை ரேடியோவில் ஒட்டி, மற்றக் காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். குண்டு போடும் பொம்மர் வந்தது அவருக்குக் கேட்கவில்லை. அவர் எழும்பாததால் ஒழுங்கையும் எழும்பவில்லை. குண்டு மாட்டுக்கொட்டிலில் விழுந்தது. சிவலைப் பசுவும் கன்றும் போயின. பால் கறந்துவிட்டு வந்த மனைவி கமலாவதி, செம்போடு குசினிப் படியில் கால் வைத்த நேரம் அது. இன்னும் இரண்டு சொட்டுக் கறந்துவிட்டு வருவோம் என்று அவள் நினைத்திருந்தால்?

அந்தக் கேள்வி இளையதம்பியை விடவேயில்லை. அன்றிலிருந்து எந்தப் பாட்டுக்கும் அவர் இரண்டு காதையும் கொடுத்ததில்லை. சண்டை முடிந்தது, பங்கரை மூடி முருங்கை நட்டாயிற்று. காதுகள் மட்டும் காவலை விடவில்லை.

இப்படியிருக்க, சாவகச்சேரி நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருக்கும் மகள் சுபாஜினி தன் பழைய லப்டொப்பைக் கொண்டுவந்து விறாந்தை மேசையில் வைத்தாள். ஸ்பீக்கர் செத்துப்போன லப்டொப். அதற்காகக் காதில் செருகும் இரட்டை வயர் ஒன்றும் தந்தாள்.

"வெங்காயத்துக்கு நோய் வந்தால் யூடியூப்பிலை பாருங்கோ அப்பா. மருந்துக் கடைக்காரன் சொல்லுறதை நம்பாதையுங்கோ."

வெங்காய அழுகல் பற்றிப் பார்க்கப் போனவர், பக்கத்தில் ஒரு நாதஸ்வரக்காரரின் படம் நிற்பதைக் கண்டு அதைத் தட்டினார். வெங்காயம் அதோடு போயிற்று. நாதஸ்வரத்திலிருந்து தவில், தவிலிலிருந்து ஆபிரிக்காவில் சுரைக்காயில் நரம்பு கட்டி வாசிக்கும் ஒரு கிழவர், அவரிலிருந்து போர்த்துக்கல்லில் கறுப்புச் சால்வையோடு பாடும் ஒரு பெண். "உவையள் எல்லாம் இவ்வளவு காலமும் எங்கை இருந்தவை?" என்று கமலாவதியைக் கேட்பார். அடுத்த போக வெங்காயம் கிண்டி எடுப்பதற்குள் மனிதர் பூமியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டார்.

எல்லாம் ஒரு காதால்தான். கதிரையை வலது காது பலாலிப் பக்கம் பார்க்கும்படி போட்டுக்கொள்வார். இடது வயர் இடது காதில். வலது வயர் நெஞ்சில் தொங்கும். சைலன்சர் வெட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று போனால் பாட்டை நிறுத்திவிட்டு எழும்புவார். தோட்டத்தில் பம்ப் நின்றால் எழும்புவார். ஒன்றுமே கேட்காவிட்டால் அதற்காகவும் எழும்புவார்.

ஒரு சனிக்கிழமை அவர் கண்டுபிடித்த பழைய கச்சேரிப் பதிவு ஒன்றை மகளுக்குக் காட்டினார். பாடியது யாரென்று யூடியூப்பில் போட்டவருக்கே தெரியாது.

"கேட்டுப் பார் பிள்ளை. ஒரு பொம்பிளை, ஒரு மிருதங்கம். வயலின்கூட இல்லாமல் என்ன மாதிரிப் பாடுறா."

அவள் இரண்டு வயரையும் செருகிக் கேட்டாள். "என்னப்பா சொல்லுறியள்? வயலின்தானே இதிலை உருகி ஊத்துது."

"எந்த வயலின்?"

"உங்களுக்குக் கேக்கேல்லையோ? ஆசுப்பத்திரிக்கு ஒருக்கால் போய்க் காட்டுவம் அப்பா."

அவர் சிரித்து மழுப்பினார். அவள் பஸ்ஸுக்குப் போனதும் திரும்பப் போட்டுக் கேட்டார். பெண் பாடினாள், மிருதங்கம் பேசியது, வயலின் இல்லை. காது போய்விட்டது. முழு ஒழுங்கையையும் காத்த காது, ஒரு சத்தமும் காட்டாமல் போய்விட்டது. இனி ஏதாவது வந்தால் யார் எழும்புவது? குசினிக்குள் கமலாவதி ஊசி கோர்க்கும்போது வாசலில் நின்று மூச்சை அடக்கிக் கேட்டார். இப்போதிருக்கும் மாட்டுக்குப் புல்லைப் போட்டுவிட்டு அது மெல்லும் சத்தத்தை எண்ணினார்.

நாலாம் நாள் கமலாவதி கேட்டுவிட்டாள். "இஞ்சாருங்கோ, ஏன் என்னைப் பேய் மாதிரிச் சுத்துறியள்?"

அவர் வயலின் கதையைச் சொல்லி, அந்தப் பாட்டைத் திரும்பப் போட்டார். அவள் அவருடைய நெஞ்சில் தொங்கிய வலது வயரை எடுத்துத் தன் காதில் வைத்தாள்.

"இதுக்குள்ளை வயலின் இருக்கு. உங்கடை பாட்டுக்காரியைத்தான் காணேல்லை."

பறித்துத் தன் இடது காதில் வைத்தார். வயலின் தனியாக, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று யாரையோ கூப்பிடுவது போல் வாசித்தது. காது போகவில்லை. நின்ற மூச்சு வந்தது. வந்த கையோடு அடுத்த பயமும் வந்தது. பாட்டு இடது வயரில், வயலின் வலது வயரில். பாட்டும் வயலினும் சேர்ந்து வேண்டுமென்றால் இரண்டு காதையும் அடைக்க வேண்டும்.

"ரெண்டு காதையும் அடையுங்கோவன்," என்றாள் கமலாவதி.

"அடைச்சால் வெளியிலை ஆர் கேக்கிறது?"

"நான் கேக்கிறன்."

"நீயோ? சேவல் உன்ரை தோளிலை நிண்டு கூவினாலும் எழும்பமாட்டாய்."

"அதுக்குத்தானே உங்களைக் கட்டினது. கையைத் தாருங்கோ. ஏதும் கேட்டால் அமத்துவன்."

இடதைச் செருகினார். வலதைச் செருகினார். உலகம் அறுந்தது. கயிறில்லாமல் கிணற்றுக்குள் இறங்குவது போலிருந்தது. நெஞ்சு அடிப்பது மட்டும் கேட்டது. பிறகு இடப்பக்கமிருந்து அந்தப் பெண் வந்தாள். அவள் ஒரு வரி பாடி விட்ட இடத்தை வலப்பக்கமிருந்து வயலின் எடுத்தது. இரண்டும் அவருடைய நெற்றிக்கு நடுவில் சந்தித்தன.

கமலாவதியின் விரல்கள் அவர் கையை நெரித்தன.

கண்ணைத் திறந்தார். அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். முருங்கைக்கு மேலே, சக்கரங்களை இறக்கிக்கொண்டு ஒரு பிளேன். பலாலிக்கு இறங்கும் சென்னைப் பிளேன் என்று அவருக்குத் தெரியும். ஆனால் சத்தமில்லாமல் ஒரு பிளேனை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. முழங்கால்கள் தாமாக எழும்பின. மூடிய பங்கர் இருந்த இடத்தைக் கண் தேடியது. வலது காதுக்குக் கை போனது.

கமலாவதி ஓடவில்லை. ஆனால் அவள் கை நனைந்து, நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தை அவர் அறிந்ததில்லை. எப்போதும் அவர்தானே முதலில் துள்ளியவர். அவளைத் திரும்பிப் பார்க்க எங்கே நேரம் இருந்தது? கூனிய மேனிக்கு நின்றார். வயலின் வாசித்துக்கொண்டே இருந்தது. பிளேன் பனைகளுக்குப் பின்னால் இறங்கி மறைந்த பிறகு மெல்ல உட்கார்ந்தார். பாட்டு முடியும்வரை வயரைக் கழற்றவில்லை.

"வயலின் இருக்குத்தான்," என்றார் வயரைக் கழற்றி. "நீ ஏன் அமத்தினனீ? அது சென்னைப் பிளேன்."

"எனக்கெப்பிடித் தெரியும்? இவ்வளவு காலமும் நீங்கள்தானே கேட்டனீங்கள். எனக்கு எல்லாப் பிளேனும் ஒரு சத்தந்தான்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் இன்னும் பனைகளின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை விடவில்லை.

"அடுத்த பாட்டைப் போடுங்கோ," என்றாள்.