புடவைகள் உட்கார்ந்த ஸ்டூல்

கடையில் சுலோச்சனா உட்காரலாம் என்று சட்டம் சொன்னது 2021-இல். அப்போது அவளுக்கு வயது நாற்பத்தொன்று. அதற்கு முன் பத்தொன்பது வருஷம் தி.நகரில் ஒரே ஜவுளிக் கடையின் பட்டுப் பிரிவில் நின்றபடியே புடவை விரித்தாள். சைதாப்பேட்டையில் ஆற்றோரம் குடியிருந்தவரை கடைக்கு நடந்தே வந்துவிடுவாள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் குடிசைகளை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள். அன்றிலிருந்து பஸ்ஸிலும் நின்றாள்.

சட்டம் வந்ததும் கடைக்கு ஸ்டூல்கள் வந்தன. கூடவே மேற்பார்வையாளர் முருகனின் சொந்தச் சட்டம் ஒன்றும் வந்தது: கண்ணுக்கு எட்டிய தூரத்தில் வாடிக்கையாளர் இருந்தால் யாரும் உட்காரக் கூடாது. தி.நகரில் ஷட்டரை இறக்கிய பிறகுதான் அப்படி ஒரு நேரம் வாய்க்கும். ஸ்டூல்கள் கவுண்டருக்கு அடியில் தூசி படிந்து கிடந்தன.

பிறகு சித்தார்த்தன் வந்தான். முதலாளியின் அக்கா மகன். எம்.பி.ஏ. படித்து, அடையாறில் இரண்டு கம்பெனி தொடங்கி, இரண்டையும் இழுத்து மூடியவன். இப்படிப்பட்ட மருமகனுக்கு என்ன வேலை கொடுப்பது என்று முதலாளிக்குத் தெரியவில்லை. அதனால் இல்லாத வேலை ஒன்றை உண்டாக்கினார்: இன்னோவேஷன் ஹெட். ஐந்தாவது மாடியில் கண்ணாடி அறை, ஆளுயர டிவி, சுவர் நிறைய வண்ணக் காகிதங்கள். முதல் வருஷம் வாசலில் வணக்கம் சொல்லும் ரோபோ ஒன்றை நிறுத்தினான். தீபாவளிக் கூட்டத்தில் பிள்ளைகள் அதன் கையைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது அது குடோனில் சுவரைப் பார்த்து நிற்கிறது.

இரண்டாவது கண்டுபிடிப்பு ஸ்டூல். ஒவ்வொன்றின் அடியிலும் எடையை உணரும் கருவி, காலில் ஒரு பொட்டு விளக்கு. ஆள் உட்கார்ந்தால் பச்சை, எழுந்தால் சிவப்பு. எல்லா விளக்கும் அவன் டிவியிலும் தெரியும்.

"இனிமே டேட்டா பேசும்," என்று ஊழியர்களைக் கூட்டிச் சொன்னான்.

"அப்ப நம்ம வாயை மூடிக்கலாம்," என்று சுலோச்சனாவின் காதைக் கடித்தாள் பக்கத்துக் கவுண்டர் ரூபீனா. மீர்சாகிப்பேட்டைக்காரி, அவள் நாக்குக்குக் கடையே பயப்படும்.

உட்காருவது மேலே தெரிகிறது என்றதும், முருகன் பார்க்காதபோது உட்கார்ந்த கொஞ்சம் பேரும் எழுந்துவிட்டார்கள். டிவி முழுக்கச் சிவப்பு. சித்தார்த்தனுக்கு வியர்த்தது. ஊழியர் நலனில் புதுமை செய்த நிறுவனம் என்று ஒரு விருதுக்குக் கடையின் பெயரை அவன் ஏற்கெனவே அனுப்பியிருந்தான். முருகனைக் கூப்பிட்டு, "பச்சை வரணும், எப்படியோ வரணும்," என்றான். வாடிக்கையாளர் முன்னால் யாரும் உட்காரக் கூடாது என்ற முருகனின் கட்டளையை மட்டும் அவன் தளர்த்தச் சொல்லவில்லை.

அதற்கு முருகன் கண்ட வழிக்கு எந்தப் படிப்பும் தேவையில்லை. ஒவ்வொரு ஸ்டூலிலும் ஒரு புடவைக் கட்டைத் தூக்கி வைத்தான். டிவி பசுமையாக மாறியது. சித்தார்த்தன் நாலு மாடி இறங்கி வந்து ஒரு தடவையாவது பார்த்திருந்தால் போதும். அவன் டிவியைப் படம் பிடித்து முதலாளிக்கு அனுப்பினான்.

சுலோச்சனாவின் இடது காலில் நரம்பு புடைத்து, கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்திருந்தது. ராயப்பேட்டை அரசு மருத்துவமனை டாக்டர், "இப்படியே நின்னா புண்ணாகிடும். அப்புறம் ஆறாதும்மா," என்று சொல்லி அனுப்பினார். பில் போடும் இடத்தில் நாற்காலி உண்டு. அங்கே மாற்றச் சொல்லி ஐந்தாவது மாடிக்கு ஏறினாள்.

சித்தார்த்தன் விசையைத் தட்டினான். டிவியில் அவள் ஸ்டூலின் விளக்கும் அவள் பெயரும் வந்தன.

"சுலோச்சனாக்கா, நீங்கதான் ஃப்ளோர்லயே டாப். நாள் முழுக்க உக்காந்துதான் இருக்கீங்க. உங்களுக்கு எதுக்கு மாத்தல்?"

"அது நான் இல்ல சார். காஞ்சிபுரம் பட்டுக் கட்டு."

"டேட்டா பொய் சொல்லாதுக்கா."

"அப்ப நான் சொல்றனா? கால் எப்பிடி கீதுன்னு பாருங்க." புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினாள். அவன் முகத்தை டிவி பக்கம் திருப்பிக்கொண்டான்.

இறங்கி வந்தவளிடம் ரூபீனா கேட்டாள்: "இன்னாக்கா சொன்னான்?"

"பொடவைக்கு இன்னா கால்வலின்னு கேக்குறான்டி."

மறுவாரம் விருதுக் குழு வந்தது. இரண்டு ஆண்கள், ஒரு அம்மாள், கழுத்தில் அட்டை. அவர்கள் டிவியைப் பார்க்க நேரே மேலே போனார்கள். கீழே முருகன் பரபரத்தான். பெரிய மனிதர்கள் வரும்போது ஸ்டூலில் புடவைக் கட்டு இருந்தால் அசிங்கம், பெண்கள் உட்கார்ந்திருந்தால் மரியாதைக்குறைவு. "கட்டெல்லாம் எடுங்க! எல்லாரும் வரிசையா நில்லுங்க!" என்று கைதட்டினான்.

ஸ்டூல்கள் காலியாயின. சுலோச்சனாவும் தன் ஸ்டூலில் இருந்த கட்டைத் தூக்கி அலமாரியில் வைத்தாள். பிறகு ஸ்டூலை வெளியே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"யம்மா, உனக்குத் தனியாச் சொல்லணுமா?"

"பச்சை வரணும்னு நீதான முருகா சொன்ன?"

மேலே குழு பார்த்துக்கொண்டிருந்தபோதே டிவி சிவந்தது. சித்தார்த்தன் சாப்பாட்டு நேரம் என்றான். மணி பதினொன்று. சிவப்புக்கு நடுவே ஒரே ஒரு பச்சை. "அவங்க மட்டும் சாப்பிடலையா? யாருன்னு பார்க்கணுமே," என்றாள் அந்த அம்மாள்.

எல்லாரும் இறங்கி வந்தார்கள். சித்தார்த்தன் குழுவின் முதுகுக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்கச் சொல்லிக் கையைக் கையை ஆட்டினான்.

"எந்திரிச்சா பச்சை லைட்டு பூடும் சார்," என்றாள் சுலோச்சனா சத்தமாக.

அந்த அம்மாள் குனிந்து, "உட்கார்ந்து வேலை செய்யறது வசதியா இருக்கா?" என்று கேட்டாள்.

"இன்னிக்குத்தாம்மா உக்கார்றேன். இத்தினி நாளா பொடவைதான் உக்காந்துகினு இருந்துச்சு."

குழு விழுந்து விழுந்து சிரித்தது. நல்ல நகைச்சுவை உணர்வு என்று ஒருவர் எழுதிக்கொண்டார். என்ன சொன்னாள் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஸ்டூலில் அவளை வைத்து நாலு படம் எடுத்தார்கள், கிளம்பிப் போனார்கள்.

விருது கிடைத்தது. கிண்டியில் பெரிய ஓட்டலில் சித்தார்த்தன் மேடையேறி வாங்கிக்கொண்டான். பில் கவுண்டர் சுலோச்சனாவுக்குக் கிடைக்கவில்லை. கடை வாசலில், ரோபோ நின்ற இடத்தில், அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் ஆளுயரப் படத்தை வைத்தார்கள். அன்று அவள் சிரிக்கவில்லை. படத்தில் பல் தெரியச் சிரிக்கிறாள். கம்ப்யூட்டரில் சேர்த்த சிரிப்பு. சித்தார்த்தனின் மூன்றாவது கண்டுபிடிப்பு என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் ஒரு கல்யாண கோஷ்டி பட்டுப் பிரிவுக்குள் நுழைந்தது. சுலோச்சனா உட்கார்ந்தபடியே புடவையை விரித்தாள். முருகன் பாய்ந்து வந்தான்.

"எந்திரிம்மா! கஸ்டமர்!"

"அண்ணே, வாசல்ல சிரிச்சுகினு கீதே, அது யாரு?" என்றாள் ரூபீனா. "உள்ள வந்து பாத்தா அக்கா நின்னுகினு இருந்தா, போஸ்டர் பொய்யின்னு கஸ்டமர் கேக்க மாட்டாங்களா?"

மணப்பெண்ணின் தாய், "அட, போஸ்டர்ல இருக்கறவங்க இவங்கதானே?" என்றாள். முருகன் அப்படியே திரும்பிப் போனான்.

ஆடித் தள்ளுபடிக்குக் கூட்டம் நிற்க இடம் வேண்டுமாம். வருகிற திங்கட்கிழமை ஸ்டூல்களை எல்லாம் குடோனுக்கு ஏற்றுகிறார்கள். படத்தில் இருப்பதால் சுலோச்சனாவுடையது மட்டும் கவுண்டரில் இருக்கும். அதில் மதியம்வரை அவள் உட்காருவாள், அதன் பிறகு ரூபீனா.