மருந்து போட்ட தொட்டி

என் மாமாவை, அதாவது அக்காவின் கணவரை, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒழுகல் என்றால்தான் தெரியும். மொட்டைமாடி, தண்ணீர்த்தொட்டி, குளியலறை, எங்கே ஒழுகினாலும் அவருக்குத்தான் ஆளனுப்புவார்கள். வந்து சுவரைத் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், முன்னால் வேலை செய்தவனைப் பரம்பரையோடு சேர்த்துத் திட்டுவார், பிறகு அடைப்பார். கிளம்பும்போது, "பத்து வருஷத்துக்குக் கவலையே படாதீங்க, நான் கேரண்டி" என்பார். அவர் கேரண்டி கொடுக்காதது சொந்த வீட்டுக்கு மட்டும்தான். மாடியில் குடியிருக்கும் நான் குளித்தால் கீழே அவர்கள் குளியலறை மூலையில் சொட்டும். எட்டு வருஷமாகச் சொட்டுகிறது. "இந்த வாரம் பார்த்துடலாம்" என்று அவரும் எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அக்கா ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வுக்கூட உதவியாளர். அந்த ஆய்வுக்கூடத்தைக் கம்ப்யூட்டர் அறையாக மாற்றப்போவதாகச் சொல்லி, "உயிரினங்களை வெள்ளிக்கிழமைக்குள் அப்புறப்படுத்தவும்" என்று ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டார்கள். உயிரினங்கள் என்றால் இரண்டு தவளை, எட்டு மீன். தவளைகளுக்கு அக்கா வைத்த பெயர் பிரின்சிபால், கிளார்க். பிரின்சிபால் உட்கார்ந்த இடத்தைவிட்டு நாள் முழுக்க அசையாது. அது எப்போது எழுந்திருக்கும், அந்த இடத்தை எப்போது பிடிக்கலாம் என்று கிளார்க் பக்கத்திலேயே காத்திருக்கும். இரண்டும் நாலு வருஷமாக அக்கா கையால் புழு தின்று வளர்ந்தவை. வெளியே விட்டால் காக்காயைப் பார்த்துப் பயப்படக்கூடத் தெரியாது. இரண்டையும் ஒரு வாளியிலும் மீன்களை இன்னொரு வாளியிலும் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"பாதி தரை, பாதி தண்ணியா ஒரு தொட்டி வேணும். தவளை மேல ஏறி உக்காரணும், மீன் கீழ நீந்தணும். உங்களால முடியுமா?"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில், குளியலறை மூலைக்கு அப்புறம், அவள் அவரிடம் கேட்ட இரண்டாவது விஷயம் இது. முதலாவதின் கதி தெரிந்தும் கேட்டாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"தண்ணிய நிறுத்துறதுதானே என் பொழப்பே. ரெண்டு நாள். நீ கவலையே படாதே" என்றார் மாமா.

சும்மா சொல்லக்கூடாது, உழைத்தார். நாலடி நீளத்துக்குக் கண்ணாடி வெட்டி வாங்கிவந்தார். நடுவில் ஏழு அங்குல உயரத்துக்குக் குறுக்குக் கண்ணாடி வைத்தார். ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம் அடியில் கூழாங்கல், மேலே வலை, அதற்கு மேல் மண். தண்ணீரிலிருந்து தவளை ஏறிவரக் கல் அடுக்கிச் சரிவு கட்டினார். அழகுக்காகப் பாசியைக் குறுக்குக் கண்ணாடியின் மேல் இரண்டு பக்கமும் தொங்கவிட்டார். மறுநாள் பார்த்தால் தரை முழுக்கச் சேறு. பாசி வழியாகத் தண்ணீர் ஏறி அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. "தண்ணி சுவர்ல ஏறும் சார்" என்று இருபத்தைந்து வருஷமாக ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவர் வீட்டில்தான் இது நடந்தது. நான் சிரித்ததில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பாசியைப் பிய்த்து எறிந்தார், எல்லா மூட்டுகளையும் மறுபடி அடைத்தார். இந்தத் தடவை அவரிடம் இருந்ததிலேயே உசத்தியான சிலிகான் பசை.

"இது மருந்து போட்டது மாப்ளே. பெரிய பெரிய ஹோட்டல் பாத்ரூமுக்கெல்லாம் இதான்."

ஒரு நாள் காயவிட்டுத் தண்ணீர் நிரப்பினார். ஒரு சொட்டு கசியவில்லை. அக்கா முதலில் மூன்று மீன்களை விட்டாள். அரைமணியில் மூன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு ஒருக்களித்தன. அள்ளி வாளிக்கு மாற்றியும் பிழைக்கவில்லை.

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. காலி ட்யூபை எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தாள்.

"இதுல என்னங்க இருக்கு?"

"நல்ல மருந்து. பூஞ்சையே வராது."

"ஏன் வராது?"

"செத்துடும்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அவர் தொழிலில் மருந்து என்றால் கூடுதல் விலை, கூடுதல் மரியாதை. பூச்சிக்கு அடிப்பதும் மருந்துதான், மனிதன் விரக்தியில் குடிப்பதும் மருந்துதான் என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

"தவளை தோலாலதான் தண்ணி குடிக்கும். பாதி மூச்சும் தோலாலதான்" என்றாள் அக்கா மெதுவாக. "நான் அதுங்கள முதல்ல விட்டிருந்தா?"

மாமா பிளேடை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் தலையைவிட்டார். தான் போட்டதைத் தானே சுரண்டி எடுக்கும் ஒழுகலை நான் அதுவரை பார்த்ததில்லை. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூலையில் நூலளவு ஒட்டியிருந்ததைக்கூட விடவில்லை. விரலெல்லாம் கீறல். ஹார்டுவேர் கடையில் மருந்தில்லாத ட்யூப் கேட்டபோது, "உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கடைக்காரர் விசாரித்தாராம். அதைப் போட்டுவிட்டு, அதன் புளித்த வாடை சுத்தமாகப் போகும்வரை ஒரு வாரம் காத்திருந்தார்.

அதுவரை தவளைகள் எங்கே இருக்கும்? வாளியில் கிளார்க் துவண்டுபோய்க் கிடந்தது. அக்கா வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குளியலறையைத் திறந்தாள். மூலையில் குழிந்த தரை, அதில் தேங்கிய தண்ணீர், பக்கத்தில் ஈரமான மேடு. பாதி தரை, பாதி தண்ணீர். எட்டு வருஷமாகத் தயாராக இருந்திருக்கிறது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் மாமா கை வைக்காத ஒரே குளியலறை அதுதான், அதனால் மருந்தும் இல்லை. சாக்கடை ஓட்டையில் வலையைக் கட்டிவிட்டு இரண்டையும் உள்ளே விட்டாள். பிரின்சிபால் மேட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

அப்புறம் என் தலையில் விடிந்தது. "மூலை காயக்கூடாது. நீ தினம் ரெண்டு தடவை குளி. சோப்பு போடாதே" என்றாள் அக்கா. கீழே இருந்தவர்களும் மாடிக்கே குளிக்க வந்தார்கள். பத்து நாள் ஒரு குடும்பமே சோப்பில்லாமல் திரிந்தது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.

பதினோராம் நாள் காலையில் தொட்டி நிரம்பியிருந்தது. அக்கா பிரின்சிபாலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"முதல்ல ஒரு மீனை விட்டுப் பார்க்கலாமே" என்றேன்.

"சோதிச்சுப் பார்க்க இதென்ன லேபா? அதைத்தான் மூடிட்டாங்களே." பிறகு மாமாவைப் பார்த்தாள். "விடட்டுமா?"

வழக்கமான வசனம் வரப்போகிறது என்று நினைத்தேன். மாமா கீறல் விழுந்த விரலால் தொட்டியின் மூலையைத் தடவிப் பார்த்தார்.

"தெரியல. சுரண்டிட்டேன், கழுவிட்டேன், மூணு தடவை தண்ணி மாத்திட்டேன். ஆனா சத்தியமா தெரியல. பக்கத்துல வேற தண்ணி வெச்சிருக்கேன். லேசா சாஞ்சாலும் தூக்கிடலாம். நான் எங்கயும் போகல."

அக்கா குனிந்து தவளையைச் சரிவில் விட்டாள். பின்னாலேயே கிளார்க்கையும் விட்டாள்.

சோதனைக்கென்றே பிறந்த தவளை. ஒரு முங்கு முங்கிவிட்டுத் தரைக்கு ஏறி உட்கார்ந்ததுதான், அப்புறம் அசையவே இல்லை. செத்துவிட்டதா, இல்லை பிரின்சிபாலாகத்தான் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? மாமா முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். கிளார்க் பக்கத்தில் காத்திருந்தது. நாங்களும் காத்திருந்தோம்.

மதியம் பிரின்சிபால் கண்ணைத் திறந்து, சாவகாசமாக எழுந்து, தண்ணீரில் இறங்கி நீந்தியது. அடுத்த நொடி கிளார்க் தாவிப்போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

மாமா எழுந்து உள்ளே போனார். கண்ணைத் துடைக்கத்தான் போகிறார் என்று தெரிந்தது. திரும்பி வந்தவர், பத்து நாளாக அலமாரியில் கிடந்த சோப்பை அக்கா கையில் கொடுத்தார்.

"நீங்க போய்க் குளிங்க. நான் தொட்டியப் பார்த்துக்கறேன்" என்று சோப்பை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள் அக்கா.