அத்தான் சுடாத துவக்கு

போன கிழமை தோட்டத்து மரவாங்குக்குப் பூசலாமென்று ஒரு பேணி லின்சீட் எண்ணெய் வாங்கி வந்து மூடியைத் திறந்தேன். மூக்கில் ஏறிய முதல் மணத்திலேயே கோபம் வந்துவிட்டது. பழைய மணங்கள் மற்றவர்களுக்கு இனிய நினைவுகளைக் கொண்டுவருமாம். எனக்கு என் அத்தானைக் கொண்டுவந்தது. தூரிகையை வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். எழுபதுகளின் நடுவில், மெல்பேர்ன் தெருவில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் காரை நிறுத்தி ஊர் விசாரிக்கிற காலத்தில், என்னை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவர். அவர் வீட்டு முன்னறையில்தான் இருந்தேன். இருக்க விட்டிருந்தார் என்பதுதான் சரி. அதை அவர் மறக்கவும் இல்லை, என்னை மறக்க விடவும் இல்லை.

எனக்கு இரும்புப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை. வெல்டிங் பண்ணி ஒட்டிய இரும்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. நாள் முழுக்கப் பிழை தேடுகிறவன் வீட்டுக்கு வந்தும் அதையேதான் செய்வான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட வந்தவர்களுக்கு முன்னால், அத்தான் கட்டிய கோழிக்கூட்டின் கூரைச் சரிவு பிழை, மழைத்தண்ணீர் உள்ளுக்குத்தான் வரும் என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்த மழைக்கு வந்தது. அது இன்னும் பெரிய குற்றமாகிவிட்டது. அதன் பிறகு ஏழு மாதம் நாங்கள் இருவரும் கதைக்கவில்லை.

ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு எப்படிக் கதைக்காமல் இருப்பது என்று கேட்பீர்கள். அக்கா இருந்தாளே. "தம்பியிட்டை உப்பைத் தரச்சொல்லு" என்பார் அவர், எனக்கு எதிரில் இருந்துகொண்டே. அக்கா குசினியிலிருந்து வந்து உப்பை நகர்த்திவிட்டுப் போவாள். நாங்கள் சொல்லிவிடுகிறதில் முள்ளை எடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் அவள் சேர்ப்பாள் என்று இருவருக்கும் தெரியும். அதனால் வாய்க்கு வந்தபடி ஏசுவதும் சுகமாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் துவக்கு வந்தது. அத்தானின் கந்தோரில் திங்கட்கிழமைத் தேநீர் வேளை முழுக்க, வெள்ளைக்காரர்கள் சனி ஞாயிறில் சுட்ட முயல்களின் கதைதானாம். இவர் வாயை மூடிக்கொண்டு பிஸ்கட் தின்ன வேண்டும். ரோஷம் பொறுக்காமல் ஒரு பண்ணை ஏலத்தில் விக்டோரியா மகாராணி காலத்துத் துவக்கொன்றை எடுத்து வந்தார். கீழே ஒரு பிடி. அதை இழுத்தால் பின்பக்கம் திறக்கும். ஒரு தரத்துக்கு ஒரு தோட்டா. அதன் மரத்துக்கு லின்சீட் எண்ணெய் பூசிப் பூசி, காலை இடியப்பத்திலும் அந்த மணம்.

பிறகு கடையில் புதுத் தோட்டா ஒரு பெட்டி வாங்கினார். அளவு அச்சொட்டாகப் பொருந்தியது. அங்கேதான் வினை. அந்த இரும்பு கறுப்பு வெடிமருந்துக் காலத்துக்குச் செய்தது. புது மருந்தின் அமுக்கம் அதைவிட எவ்வளவோ கூட. உள்ளே போகிறது என்பதற்காகச் சுடலாம் என்று ஆகாது. துவக்குத் திருத்துபவரிடம் காட்டிக் குழாயையும் பின்பக்கம் திறக்கிற பூட்டையும் சோதித்து, அதற்கென்று மருந்து குறைத்து அடைத்த தோட்டா போட வேண்டும். அப்படியும் முதல் வெடியைக் கையில் பிடித்து வைக்கக் கூடாது.

"அக்கா, அந்தாள் உந்தத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் பூட்டுக் கழண்டு கண்ணுக்குள்ளைதான் வரும். மொக்குத்தனமா விளையாடாமல் தெரிஞ்ச ஆளிட்டைக் காட்டச்சொல்லு."

"ஓம், சொல்லுறன்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அக்காவின் வற்புறுத்தலில், துவக்கையும் ஏற்றிக்கொண்டு, மூன்று பேருமாக மெல்பேர்னுக்கு வெளியே வெரிபீப் பக்கம் போனோம். அத்தானோடு வேலை செய்த ஒருவருக்கு அங்கே பண்ணை இருந்தது. இப்போது அந்த இடத்தில் வீட்டுக்கு மேல் வீடு. அன்று வேலியும் ஆடும் காற்றும்தான். பண்ணைக்காரர் துவக்கைப் புரட்டிப் பார்த்து, இது பயமில்லையா என்று கேட்டார். அத்தான் ஆங்கிலத்தில் சொன்னார்: "என் மைத்துனன் உலோகப் பரிசோதகன். எண்ணெய் போட்டு நன்றாகத் துடைத்தால் சுடலாமென்று அவனே சொல்லிவிட்டான்."

அக்காவைப் பார்த்தேன். அவள் தேநீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நீ என்னக்கா சொன்னனீ?"

"நீ ஏசினதெல்லாம் அவருக்குச் சொல்லேலுமே? சண்டை வேண்டாமெண்டு, துடைக்கச் சொன்னதா மட்டும் சொன்னனான்."

முள்ளோடு சேர்த்து மீனையும் எறிந்துவிட்டாள். அத்தான் தோட்டாவைப் போட்டுத் துவக்கைத் தோளுக்கு உயர்த்திவிட்டார். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, சுடட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏழு மாதக் கோபம் அப்படி நினைக்க வைத்தது. பிறகு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"அத்தான், சுடாதேங்கோ. வெடிச்சுப்போடும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "இவன் ஆரோடை கதைக்கிறான்?" என்று அக்காவைக் கேட்டார்.

பண்ணைக்காரர் துவக்கை மெல்ல வாங்கினார். ஒரு பழைய டயரில் அதை இறுக்கிக் கட்டி, விசையில் நீளக் கயிறு போட்டு, எங்களை மண்மேட்டுக்குப் பின்னால் குந்தவைத்தார். கயிற்றை நான் இழுத்தேன். சாதாரண வெடிதான். "பாத்தியே" என்று அத்தான் அக்காவிடம் சொல்லிவிட்டு எழுந்தார். இன்னொன்று, என்றேன். பண்ணைக்காரரும் தலையாட்டி, அடுத்த தோட்டாவைப் போட்டார்.

இரண்டாவது சத்தம் வேறு மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தால் பூட்டுப் பக்கம் பிளந்து, மரம் நீளத்துக்குக் கிழிந்து கிடந்தது. கன்னம் வைக்கிற இடத்தைத் தாண்டிப் போன இரும்புத் துண்டு டயருக்குள் புதைந்திருந்தது. அத்தான் குனிந்து அதைப் பார்த்தார்.

"கையிலை பிடிச்சுச் சுட்டிருந்தா உடைஞ்சிருக்காது. கட்டினபடியாத்தான்" என்றார், அக்காவிடம்.

அந்த மாதமே வீட்டை விட்டு வெளியேறினேன். பெட்டி கட்டும்போது அக்கா வந்து, "நீ நிண்டபடியாத்தான் கண் தப்பினது எண்டு அத்தான் சொன்னவர்" என்றாள். அவர் சொல்லியிருக்க மாட்டார் என்றேன். "சொன்னதா வைச்சுக்கொள்ளன்" என்றாள். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம், ஒவ்வொரு கிழமையும் தொலைபேசியில், அத்தான் சுகம் கேட்டவர் என்று சொல்லாமல் அவள் வைத்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அக்கா போய்விட்டாள். செத்தவீட்டில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் அத்தான். இரண்டு கண்ணும் நல்லாக இருந்தன. என் பக்கம் திரும்பாமல், முன்னால் பார்த்துக்கொண்டு, "நான் உன்னை ஒருநாளும் சுகம் கேட்டதில்லை" என்றார்.

"தெரியும். நானும் கேட்டதில்லை" என்றேன்.

அவரது நம்பர் என்னிடம் இருக்கிறது. அழைப்பு எடுத்ததில்லை. அவரும் எடுத்ததில்லை. போன மாதம் ஆஸ்பத்திரியில் இருந்ததாக யாரோ சொன்னார்கள். இப்போது சுகமா என்று எனக்குத் தெரியாது. பொய்யாகவாவது சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை.