ஆளில்லாத கடலோரம்

இன்று காலை முகநூலில் மின்வெட்டு பற்றி விவாதம். நானும் எழுதினேன்: "பழைய மின்கம்பிகளை மாற்றினால் மட்டும் போதாது, அணு உலையும் வேண்டும். ஆனால் எங்கள் மைசூரு பக்கம் வேண்டாம். ஆளில்லாத கடலோரமாகப் பார்த்துக் கட்டட்டும்."

எழுதியதை மனைவிக்கு உரக்கப் படித்தும் காட்டினேன்.

எங்கள் வீட்டின் இரண்டாவது ஏசியை மாட்டிக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன், ஸ்டூல் மேல் நின்றபடியே சொன்னார்: "எங்க ஊரு கடலோரந்தான் சார், திருச்செந்தூர் பக்கம். நாங்கள்லாம் இருக்கோம்லா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த ஸ்க்ரூவைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

அவர் போனதும் 'ஆளில்லாத' என்பதை மட்டும் அழித்தேன். திரும்பப் படித்தால் முன்பைவிட மோசமாக இருக்கிறது.

ஏசி நன்றாகக் குளிர்கிறது. கடலோரத்தை எடுத்துவிட்டு மைசூரு என்று எழுத மனசு வரவில்லை. உலைக்கு உங்கள் ஊரைத் தர யாராவது இருக்கிறீர்களா?