ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வாய்ச் சோறு

கட்டுப் போடவும் ஊசி குத்தவும் தெரிந்தால் நர்ஸ் வேலைக்குப் போதும் என்று நினைத்துத்தான், அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் அறுவை வார்டில் சேர்ந்தேன். பாதி வேலை வயதானவர்களைச் சாப்பிட வைப்பதாகவே இருந்தது. மயக்க மருந்து தெளிந்த பிறகும் சில பெரியவர்களுக்குப் புத்தி தெளியாது. பெற்ற பிள்ளையைத் தெரியாது, பகல் இரவு தெரியாது. வயிறும் காய்ந்தால் அந்தத் தடுமாற்றம் அப்படியே தங்கிவிடலாம் என்று எங்கள் டாக்டர் எச்சரிப்பார். கிண்ணமும் ஸ்பூனுமாகக் கட்டில் அருகே கெஞ்சி நின்றவர்களுக்கு என் பாடு புரியும்.

காலித் தட்டு

உறையூர் நெசவாளர் வீட்டு அம்மாள் ஒருவர். வயிற்றில் ஆபரேஷன். நான்காம் நாள் போர்வையின் நூலைப் பிரித்துப் பிரித்து, தறியில் இழை அறுந்துவிட்டது என்று புலம்பத் தொடங்கினார். நோட்டைப் புரட்டினேன். வேளாவேளைக்குத் தட்டு காலியாகத் திரும்பியிருந்தது. 'சாப்பிட்டார்' என்று நானே எழுதியிருந்தேன்.

அன்று மதியம் தட்டை வைத்துவிட்டு நகராமல் நின்றேன். துணைக்கு இருந்த மகன் நெளிந்தார். அறுத்த வயிற்றுக்குப் பத்தியம் முக்கியம் என்று அம்மாவுக்கு நான்கு நாளும் கஞ்சித் தண்ணீர் மட்டுமே கொடுத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் பாதி என்மேல்தான். தட்டில் இருந்ததெல்லாம் எங்கே போனது என்று கேட்டேன்.

"வீணாப் போகக் கூடாதேன்னு நான்தாங்க சாப்பிட்டேன். நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு ஒரு பருக்கை கூட மிச்சம் வைக்கலை."

டம்ளரில் கிடந்தது

பெரிய கடைவீதியில் அத்தர் கடை வைத்திருந்த பாய், ஆபரேஷனுக்குப் பிறகு என்ன கேட்டாலும் குழறினார். ரொட்டியை வாயில் வைத்துத் துப்பினார். "அத்தாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சே" என்று மகள் அழுதாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அலமாரியைத் துடைக்க வந்த ஆயா ஒரு டம்ளரை எடுத்து, இது யாருடையது என்று கேட்டாள். மயக்க மருந்துக்கு முன் நான் கழற்றி வாங்கி வைத்த பல்செட். மூன்று நாளாக அங்கேயே கிடந்திருக்கிறது. கழுவி மாட்டிவிட்டேன். நாலு துண்டு ரொட்டியை மென்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னார்:

"பல்லை நீங்க எடுத்து வச்சுக்கிட்டு, புத்தி எங்கேன்னு என்னைக் கேட்டா எப்படிம்மா?"

பாரணை

ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவர், எழுபத்தைந்து வயது. குடலிறக்க ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், "இன்னிக்கு ஏகாதசி" என்று தட்டைத் தள்ளினார். சரி என்று விட்டோம். மறுநாளும் ஏகாதசி. அதற்கு மறுநாளும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் விரதம் அவருக்குத் தினமும் வந்தது. காலண்டரைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவி வேதவல்லி மாமி டவுன் பஸ்ஸில் நிறைந்த தூக்கோடு வந்து, நிறைந்த தூக்கோடு திரும்பினார். அவரையே "யாரம்மா நீ?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார் மனிதர். "என்னை யாருன்னு தெரியாமலே போயிடுவாரோ?" என்று மாமி கேட்டார். மறுநாள் மூக்கு வழியாகக் குழாய் விடுவதென்று டாக்டர் சொல்லிவிட்டார்.

விடிந்ததும் மாமி வந்து நின்றார். தூக்கில் குழைந்த சாதம், அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி. ஏகாதசிக்கு மறுநாள் காலை விரதம் முடிக்கும் சாப்பாடு. "துவாதசி பொறந்தாச்சு. பாரணைக்கு நாழியாறது, எழுந்திருங்கோ" என்றார். அவர் கீரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

மாமி வெளியே வந்தார். "இத்தனை வருஷத்துல அவர்கிட்ட பொய் சொன்னதில்லை சிஸ்டர். அதுவும் திதி விஷயத்துல சொல்லிட்டேன்" என்று அழுதார். மூக்கில் விட எடுத்து வைத்திருந்த குழாயைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் அதே கீரை, அதே பொய்.

எட்டாம் நாள் அவர் கீரையைப் பார்த்தார். விரல்விட்டு எதையோ எண்ணினார். மாமியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்டி வேதா, ஒரு வாரமா துவாதசியாவே இருக்கே, பஞ்சாங்கத்தை யாராவது மாத்திட்டாளா?"

சோறு எல்லாரையும் மீட்டுத் தந்ததில்லை என்றாலும், ஆபரேஷனான பெரியவர் தடுமாறுகிறார் என்று யார் வந்து சொன்னாலும் என்ன சாப்பிட்டார் என்றுதான் முதலில் கேட்கிறேன்; பலர் என்னைச் சமையல்காரி என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.